அம்மை என்று நினைத்த பொட்டுகள்

ஏப்ரல் 8, செவ்வாய்

காட்டுப்பாக்கத்தில் காலையிலேயே அனல். மோட்டார் ரிப்பேர், தண்ணீர் லாரிக்குச் சொல்லணும். யாழினிக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல், வாந்தி. யு.கே.ஜி.க்கு லீவு. உடை மாற்றும்போது பார்த்தால் தொடையில் சிவப்புப் பொட்டுகள். கீழ் வீட்டு ஓனர் அம்மா எட்டிப் பார்த்தாள், உடனே வேப்பிலையோடு வந்தாள். "ஆத்தா வந்துகீறா. ஊசி மாத்திரைன்னு இட்டுகினு போவாத, கோச்சுக்குவா." இவரும் தலையாட்டுகிறார். சாமி காரியம் என்றால் என் புருஷனுக்கு வாயே கிடையாது.

அம்மை என்றால் அரிக்கும், கொப்புளிக்கும். இதில் இரண்டும் இல்லை. மதியத்துக்குள் பொட்டெல்லாம் ஊதா. கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினேன், எப்போதோ போனில் பார்த்தது. மறையவே இல்லை. அப்படி மறையாவிட்டால் ஆபத்து என்று அதில் சொன்னார்கள். வேப்பிலையைத் தள்ளிவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஓனர் அம்மா சாபம் விடாத குறை.

புதன்

மூளைக்காய்ச்சல். கிருமி ரத்தத்திலும். அதன் பெயர் டாக்டர் எழுதிக் காட்டியும் வாயில் நுழையவில்லை. ஐ.சி.யூ. கண்ணாடி வழியாகத்தான் பார்க்க விடுகிறார்கள். "நேத்து காலையிலேயே வந்திருக்கலாமே" என்றார் டாக்டர். இவர் அழுகிறார். எனக்குக் கோபம்தான் வருகிறது, எல்லார் மேலும்.

கூட இருந்தவர்கள் எல்லாரும் தடுப்பு மாத்திரை போடணுமாம். ஓனர் அம்மாவின் பேத்தி தினமும் யாழினி தட்டில்தான் சாப்பிடுவாள். போன் செய்தேன். "ஆத்தா எறங்காம மாத்திரையா? இன்னா பேசற நீ?" வைத்துவிட்டாள்.

வியாழன்

காய்ச்சல் விடவில்லை. வாங்கணும்: டயப்பர், சார்ஜர், பிஸ்கட். டாக்டர் ஓனர் அம்மா பேத்திக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையோடு இவரை அனுப்பினேன். "அவ வாயில போடாம திரும்பி வராதீங்க." போட்டாகிவிட்டதாம். எப்படி என்றேன். "கால்ல விழுந்தேன்." டீ வாங்கிக் கொடுத்தேன்.

திங்கள்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இட்லி ஒன்றரை. பிழைத்துவிட்டாள். கால் விரல் நுனி கறுப்பு, சரியாகிவிடும் என்கிறார்கள். நாளைக்குக் காது சோதனை. இந்த நோய் காதைத்தான் பிடிக்குமாம். "நல்லாத்தானே பேசுறா, எதுக்கு அதெல்லாம்?" என்கிறார் இவர்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பேசினால் என் வாயையே பார்க்கிறாள். மாஸ்க் போட்டுக்கொண்டு பின்னால் நின்று கூப்பிட்டேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டுத் திருப்பி, இன்னும் இட்லி வேணுமா என்று சத்தமாகக் கேட்டேன். பக்கத்துக் கட்டிலில் தூங்கிய குழந்தை எழுந்து அழுதது.

"ஏம்மா எல்லாரும் ரகசியமாவே பேசுறீங்க?"