அருவிக்குக் கொண்டுபோன குடம்

17-7-58, வியாழன்

காலையிலிருந்தே காற்று. வாசல் முழுக்கக் கரிசல் புழுதி. இரண்டு தரம் பெருக்கியும் காலடியில் நறநற.

தெருக்குழாயில் பாதிக் குடம்தான். சாக்பீஸ் கேட்க வேண்டும். வெள்ளைச் சேலையில் கிழிசல், தைக்க வேண்டும்.

சனிக்கிழமை எங்கள் பள்ளி டீச்சர்கள் எல்லோரும் பிளசர் காரில் பாபநாசம் மலைக்கு. காட்டு வழி, கொஞ்சம் நடை, பிறகு அருவி. நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் இறந்து எட்டு மாதம். வருஷ ஜெபம் முடியும்வரை பள்ளி, கோயில் தவிர எங்கும் போகக்கூடாதாம். யார் போட்ட சட்டம்? பைபிளில் தேடினேன். இல்லை.

18-7-58, வெள்ளி

அவருடைய அண்ணன் வந்தார். காப்பியைத் தொடவில்லை.

"பிள்ளையப் பறிகொடுத்த அம்மா வீட்டுல கெடக்காவ. நீ அருவி பாக்கப் போறியோ? ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு வரல அத்தான். நாந்தான் போறேன்."

மூக்கு விடைத்தது மனிதருக்கு. கடைசியில் தீர்ப்பு: போகலாம், நனையக் கூடாது. நனைந்து வந்தால் அத்தையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவாராம். அத்தை முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிமிரவே இல்லை. மகன் போன வீட்டில் எனக்கு இருப்பது அத்தை ஒருத்திதான். ஆனாலும் போவேன்.

19-7-58, சனி

வந்ததும் எழுதுகிறேன். கால் வலி.

காரில் நெருக்கியடித்து ஆறு பேர். என் மடியில் ஒரு குடம் தண்ணீர். "வழியில தாகம் எடுத்தா?" என்று தலைமை டீச்சர். நம் ஊரில் தண்ணீரில்லாமல் யார் வெளியே கிளம்புகிறார்கள்?

பாபநாசம் தாண்டியதும் காடு. நடுப்பகலில் இருட்டு. இலை வாசனை. குரங்குக்குப் பயந்து மேரி டீச்சர் தயிர்ச்சோற்றை முந்தானைக்குள் ஒளித்தது. நடக்கும்போது வேரெல்லாம் வழுக்கல், செருப்பு கையில். அருவி கண்ணில் படுமுன்பே சத்தம்.

குடத்தைப் பார்த்து டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கோயில்பட்டிக்காரவிய! அருவிக்கே தண்ணி கொண்டாந்திருக்கியளே!"

எல்லோரும் ஓடினார்கள். தலைமை டீச்சர் மட்டும் திரும்பி, "ஞானம், நீ இங்கன பாறையில இருந்து சாமானப் பாத்துக்க. ஊர் வாய் நமக்கெதுக்கு?"

உட்கார்ந்தேன். அத்தனை தண்ணீருக்கு எதிரே ஒரு குடத்துக்குக் காவல். கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எழுந்தேன். குடத்தைச் சும்மா கவிழ்க்கக் கை வரவில்லை. பக்கத்தில் ஒரு செடி, அதன் தூரில் ஊற்றினேன். மலைக்காட்டில் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நேரே அருவிக்குள். முதல் அடியில் தலை கிறுகிறுத்தது. எட்டு மாதமாக எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசி, மெதுவாகத் தொட்டு. இது யார் எவர் என்று பார்க்காமல் அடித்தது. வாய்விட்டுக் கத்தினேன். எனக்கே கேட்கவில்லை.

குடம் நிறைய அருவித் தண்ணீர். கயத்தாறு வருவதற்குள் தலை காய்ந்துவிட்டது. நனைந்ததை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் போவேனா? தெருமுனையில் இறங்கி, குடத்திலிருந்து அள்ளித் தலையில் விட்டுக்கொண்டேன். சொட்டச் சொட்ட வீட்டுக்குள் போனேன். அத்தை பார்த்தார்கள்.

20-7-58, ஞாயிறு

காற்று நிற்கவில்லை. கோயிலில் பிரசங்கத்தைவிட என்னைத்தான் அதிகம் கவனித்தார்கள். நிமிர்ந்தே உட்கார்ந்தேன்.

ஆராதனை முடிந்ததும் அத்தான் மாட்டு வண்டியோடு வாசலில். "அம்மா, பெட்டிய எடுங்க."

"நீ போலே. நான் இங்கனதான் இருப்பேன்."

"அவ நனஞ்சிட்டு வந்திருக்கா!"

"தலைதானலே. காஞ்சிட்டுல்லா."

வண்டி போனது. உலை வைக்க அரிசி களைந்தேன். அத்தை குடத்திலிருந்து ஒரு தம்ளர் மொண்டு, மோந்து பார்த்து, குடித்தார்கள். மாமா இறந்து இருபது வருஷம். கோயிலுக்குத் தவிர அத்தை இந்தத் தெருவைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

"ஏட்டி, அது தலையில விழுந்தா வலிக்குமா?"

"வலிக்கும் அத்தை."

கொஞ்சம் யோசித்தார்கள். "வலிச்சா வலிச்சிட்டுப் போகுது. அடுத்த தடவ அந்தக் காருல எனக்கு இடம் இருக்குமா?"