திங்கட்கிழமை பத்தரை மணிக்கு

எரியோடு,
வெள்ளிக்கிழமை மதியம்

அப்பு அஜித்துக்கு அம்மா சண்முகவள்ளி எழுதுறது.

நல்லா இருக்கியான்னு கேக்க வாய் வரல. சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டுக்கிறேன். போன் போட்டா இருக்குற எடத்தக் கண்டுபிடிச்சிருவாங்கன்னு சொல்லிவிட்டிருந்த. நீயே போலீசு, உனக்குத் தெரியாததா. அதான் கடுதாசி எழுதி, உன் அக்கா தமிழ்மதி வீட்டுக்காரர் பழனிக்குமார் கைல குடுத்துவிடுறேன். நீ எங்க ஒளிஞ்சிருக்கன்னு அவருகிட்ட நான் கேக்கல. தெரிஞ்சா அதையும் கோர்ட்டுல சொல்ல வேண்டி வரும்.

இங்க தக்காளி விலை போகாம செடியிலயே அழுகுது. பசு சினையா இருக்கு. எனக்கு இடது கையில மாவுக்கட்டு. உங்கப்பா மம்பட்டிக் காம்பால அடிச்சதுல எலும்பு விட்டுப்போச்சு. வலது கைக்குத்தான் ஓங்கினாரு, குறி தப்பிருச்சு. அதனால எழுத முடியுது.

ஏன் அடிச்சாருன்னு சொல்றேன். போன திங்கக்கிழமை உங்க இன்ஸ்பெக்டரு ஆளு ஒருத்தன் வந்தான். உங்க ஸ்டேஷன்ல அந்த ஹாமித் செத்த சனிக்கிழமை காலைல இருந்து நீ காய்ச்சல்ல நம்ம வீட்டுலதான் படுத்திருந்தன்னு நாங்க ரெண்டு பேரும் கோர்ட்டுல சொல்லணுமாம். ஸ்டேஷன் கேமரா ரிப்பேராம், யாரு இருந்தா யாரு இல்லன்னு எவனும் நிரூபிக்க முடியாதாம். உங்கப்பா சரி சரின்னு தலையாட்டுனாரு. மறுநாள் காலைல நான் சொன்னேன், என்னால பொய் சொல்ல ஏலாது, அன்னைக்கு மூணு மணிக்கு அவன் துவைக்கப் போட்ட சட்டைய நான்தான் துவைச்சேன்னு. பேசி முடிக்கல, அடி விழுந்துருச்சு.

அந்தச் சனிக்கிழமைய நீ மறந்திருக்க மாட்ட. மதியம் மூணு மணிக்கு வந்த. காக்கிச் சட்டையில நெஞ்சு பூராம் ரத்தம். என்னடா இதுன்னு பதறுனேன். ரோட்டுல அடிபட்டுக் கெடந்தவனத் தூக்கி ஆம்புலன்ஸ்ல ஏத்துனேம்மான்னு சொன்ன. ரசஞ்சோறு போட்டேன். தலை நிமிராம அள்ளி அள்ளித் தின்ன. பசின்னு நெனச்சேன், பாவி.

சட்டைய உப்புத் தண்ணியில ஊற வச்சுத் துவைச்சேன். பெல்ட்டோட பக்கிளப் புளி போட்டு விளக்குனேன். வாராவாரம் நான்தானே விளக்குவேன். அன்னைக்கு அதோட இடுக்குல தோலும் முடியும் சிக்கியிருந்துச்சு. தூக்கி விட்டவன் தோலு பக்கிளுக்குள்ள எப்படிடா வரும்? அப்பவே கேட்டிருக்கணும். கேக்கல. ஊக்கால நோண்டி எடுத்துட்டுப் பளபளன்னு துடைச்சு ஆணியில மாட்டுனேன்.

அதோட விட்டேனா? தண்ணிக் குழாயில நிக்கிற பொம்பளைங்க அம்புட்டுப் பேருகிட்டயும் எம்மகன் ஒரு உசுரக் காப்பாத்துனான்னு பெருமை பீத்துனேன். அடிபட்ட புள்ள பொழைக்கணும்னு கருப்பண்ணசாமிக்குத் தேங்காய் உடைச்சேன். அந்த நேரம் அவன் திண்டுக்கல்ல பொணவறையில கெடந்திருக்கான்.

புதன்கிழமை கோர்ட்டுக்கு வரச்சொல்லி எனக்குச் சம்மன் வந்துச்சு. உங்கப்பா வரல. கைக்கட்டோட பஸ் ஏறி ஒத்தையாத்தான் போனேன். மாஜிஸ்திரேட் அம்மா அன்னைக்கு லீவு, திங்கக்கிழமை பத்தரை மணிக்கு வாங்கன்னுட்டாங்க. திரும்புற பஸ்ஸுக்கு நேரம் கெடந்துச்சு, வராந்தாவுல உக்காந்திருந்தேன். பக்கத்துல ஒரு பொம்பள வந்து உக்காந்தா. அவதான் ஹாமித்தோட அம்மா நர்கீஸ். நான் யாருன்னு அவளுக்குத் தெரியாது. என் கட்டப் பாத்துட்டுக் கேட்டா.

"உங்களையும் போலீஸ்தான் அடிச்சதாம்மா?"

தலைய மட்டும் ஆட்டுனேன், ஆமாவும் இல்ல, இல்லையும் இல்ல. பையில இருந்து பிஸ்கட்ட எடுத்து எங்கையில வச்சுட்டு அவளாவே சொல்ல ஆரம்பிச்சா.

ஹாமித் தோல் குடோன்ல லோடு ஏத்துற புள்ள. இருபத்தாறு வயசு. திருட்டு வண்டின்னு நீங்க புடிச்சது அவனோட சொந்த வண்டி. ஆர்சி புக்கு வீட்டுல இருந்துச்சு. அத எடுத்துக்கிட்டு நர்கீஸ் ஸ்டேஷனுக்கு ஓடி வந்திருக்கா. உள்ள விடல. உள்ளயிருந்து மகன் அலறுற சத்தம். மொதல்ல உம்மான்னு கத்துனானாம், பெறகு வார்த்தையே இல்லாத சத்தம், மாட்ட அடிக்கிறாப்புல. வாசல்ல ஒரு சின்னப் போலீசு இருந்தானாம். நல்ல பையனாட்டம் உக்காருங்கம்மான்னு பெஞ்சக் காட்டி, குடிக்கத் தண்ணி குடுத்தானாம். உள்ளயிருந்து இன்ஸ்பெக்டரு கூப்பிட்டதும் பெல்ட்டக் கழட்டிக்கிட்டே போனானாம். செத்த நேரத்துல சத்தம் நின்னுபோச்சாம்.

வந்தவங்களுக்குத் தண்ணி குடுக்கணும்னு உனக்குச் சொல்லிக் குடுத்தது நான்.

அடக்கத்துக்குக் குளிப்பாட்டுனவங்க முதுகப் பாத்துட்டு வெளிய வந்து வாந்தி எடுத்தாங்களாம். தீப்பெட்டி அளவுக்குச் சதுரம் சதுரமா பிஞ்சிருந்துச்சாம். நர்கீஸ் தன் உள்ளங்கையில வெரலால கோடு போட்டு அந்த அளவக் காட்டுனா. எனக்கு அளவு காட்டணுமா? வாங்குன பிஸ்கட்ட வாயில வைக்க முடியல. திருப்பிக் குடுக்கவும் முடியல.

அவளுக்காகப் பேசுற வக்கீலு இளவேனில்னு ஒரு பொண்ணு. நர்கீஸ் டீ வாங்கப் போனப்ப அதுகிட்டப் போனேன். அடிச்ச போலீசு தானா வந்து சரணடைஞ்சா, அவனையும் உள்ள வச்சு அடிப்பாங்களான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு நிமிந்து என் மூஞ்சியப் பாத்துச்சு, பேனாவ மூடி வச்சுச்சு. பெறகு மெதுவாச் சொல்லுச்சு:

"அடிக்கக் கூடாதும்மா. ஹாமித்துக்கு இருந்த அதே சட்டம்தான் உங்க மகனுக்கும்."

எம்மகன்னு நான் சொல்லவே இல்ல அப்பு. அதுவாக் கண்டுபிடிச்சிருச்சு.

ஒருநாள் உனக்குச் சோறு கொண்டாந்தப்ப உங்க ஸ்டேஷன் சுவத்துல ஒரு போர்டக் காட்டி வாசிச்சியே, ஞாபகம் இருக்கா? எதுக்குப் புடிக்கிறோம்னு சொல்லணும், வீட்டுக்குத் தகவல் குடுக்கணும், டாக்டர்கிட்டக் காட்டணும், அடிக்கக் கூடாதுன்னு. இம்புட்டும் எழுதிப் போட்டிருக்காங்களேன்னு சந்தோசப்பட்டேன். அந்தச் சுவத்தடியிலதானே அவன உக்கார வச்சிருந்தீங்க. உம்மேல ஆத்திரமா வருது. நீ எதிர்ல இருந்தா நானே உன்ன அறைஞ்சிருப்பேன். அடுத்த நிமிசமே அதுவும் தப்புன்னு தோணுது.

எம்மேலயும் தப்பு இருக்கு. இந்த வீட்டுல உங்கப்பா கை ஓங்குறத நீ பொறந்ததுலருந்து பாக்குற. அடிய வாங்கிக்கிட்டு, மூஞ்சியத் துடைச்சுக்கிட்டு, அவருக்குச் சோறும் வெஞ்சனமும் வச்சேன். ஒருநாள்கூட ஏன் அடிக்கிறீங்கன்னு கேட்டதில்ல. அடிச்சவன யாரும் கேக்க மாட்டாங்கன்னு நீ எங்கிட்டத்தான் கத்துக்கிட்ட.

உங்கப்பா உன் பெல்ட்டக் கிணத்துல போடச் சொன்னாரு. போட்டுட்டேன்னு சொல்லிட்டேன். போடல. எங்கிட்டதான் இருக்கு. திங்கக்கிழமை அதையும் எடுத்துக்கிட்டுப் போறேன். துவைச்சதச் சொல்லுவேன், விளக்குனதச் சொல்லுவேன், ஊக்கால நோண்டி எடுத்ததச் சொல்லுவேன். நான் யாருன்னு அப்ப நர்கீசுக்குத் தெரியும்.

அதுக்கு முன்னாடி நீ வந்துரு அப்பு. ஸ்டேஷனுக்குப் போகாத, நேரா கோர்ட்டுக்கு வா. இன்ஸ்பெக்டர் சொல்லித்தான் அடிச்சிருந்தா அதையும் சொல்லு, அடிச்சது நீதான்னு மொதல்ல சொல்லு. ஜெயிலுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி டாக்டர் பாக்கணும், சட்டையக் கழட்டி முதுகக் காட்டு. அந்தப் போர்டுல உள்ளது ஒண்ணு விடாமக் கேட்டு வாங்கிக்க. கேக்க வெக்கப்படாத.

காலைல ஒம்போது மணியிலருந்து கோர்ட்டு வாசல்ல நிப்பேன். உம்மேல ஒரு அடி விழுந்தாலும், இதே கட்டுக் கையோட இதே கோர்ட்டுக்கு வந்து உனக்காகவும் சொல்லுவேன். எவன் கையும் எம்புள்ள முதுகுல படாம இருக்கணும், சாமி.

சோறு கட்டிக்கிட்டு வாரேன்.

உன் அம்மா,
சண்முகவள்ளி