அந்தியூர்க் குதிரைக்காரர் வந்திருந்தார்

என் மரகதத்துக்கு,

அங்கேயாவது வலியில்லாமல் இரு. மற்றதெல்லாம் பிறகு.

கடையைத் திறந்துவிட்டேன். தையில் நீ போனதிலிருந்து ஆனி வரை ஷட்டரைத் தூக்கவே கை வரவில்லை. மில் மூடி நான் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, பழைய வாட்ச்சும் பித்தளைச் சாமானும் வாங்கி விற்கலாம் என்று இறங்கியது நீதானே. எது அசல், எதில் முள்ளை மாற்றியிருக்கிறார்கள் என்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும். நான் வெறும் மூட்டை தூக்கி.

போன வாரம் அந்தியூர்க் குதிரைக்காரர் வந்தார். அந்த ஊர் ஆடிக் குதிரைச் சந்தையில் வருஷம் தவறாமல் அவர் முன்னால் போய் நிற்பாயே, பெல்ட்டில் தொங்கும் அந்த வெள்ளி பாக்கெட் வாட்ச்சுக்காக. "ஏனுங்கண்ணா, இந்த வருஷமாச்சும் குடுப்பீங்களா?" என்பாய். "குதிரையைக் கேளு அம்மணி, புடிச்சுட்டுப் போ. இதை மட்டும் கேக்காதே" என்று சிரிப்பார்.

அதைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"அம்மணி எங்கீங்க? சந்தைக்கு வரலியே. அதான் நானே கொண்டாந்துபோட்டேன்."

"அவ இல்லீங்க."

"எப்ப வருமுங்க?"

சுவரைக் காட்டினேன். உன் படத்தையும் மாலையையும் பார்த்தவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகுதான் சொன்னார். போன வருஷச் சந்தையில் வாங்கிய விளக்குகளை நான் மூட்டை கட்டப் போயிருந்தபோது அவரிடம் மோர் வாங்கிக் குடித்தாயாம். "'உடம்புல என்னமோ கட்டி இருக்குதுங்கண்ணா, அடுத்த சந்தைக்கு வருவனோ என்னமோ'ன்னு சொல்லுச்சுங்க. அப்படியெல்லாம் பேசாதே கண்ணுன்னு அதட்டுனேன். இந்த வருஷம் காணமின்னதும் மனசு கேக்கலீங்க, பஸ் ஏறிட்டேன்."

ஆடியிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் சொன்னது தீபாவளி வியாபாரம் முடிந்த பிறகு. ஏன் இவ்வளவு நாள் என்று டாக்டர் கேட்டதற்கு, இப்பத்தானுங்க பாத்தேன் என்றாய். வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிற மனிதரிடம் சொல்ல முடிந்திருக்கிறது. பக்கத்தில் படுத்திருந்த என்னிடம் ஏன் மரகதம்? பயந்துவிடுவேன் என்றா? வேலை போய் நொந்து கிடக்கிறவனுக்கு இதுவும் எதற்கு என்றா?

கோபம் வருகிறது. கோபித்துக்கொள்ளத்தான் ஆளில்லை.

"அம்மணி படத்துக்கிட்ட வச்சுக்குங்க" என்று வாட்ச்சை நீட்டினார். வாங்க மனம் வரவில்லை.

"வேண்டாமுங்க. நீங்க தரமாட்டேன்னு சொல்றதைக் கேக்கத்தான் அவ வருவா" என்றேன். சிரித்தார், துண்டால் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

காந்திபுரம் வரை கூட நடந்து பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் வளைவு திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது, வேறு எதுவும் சொன்னாளா என்று நான் கேட்கவேயில்லை.

வருகிற ஆடிக்கு அந்தியூர் போவேன், மரகதம். அன்றைக்கு நீ இன்னும் என்னவெல்லாம் பேசினாய் என்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டுதான் ஊர் திரும்புவேன்.

என்றும் உன் வீட்டுக்காரன்,
பழனிசாமி