பக்குவமாகச் சொல்லாத நாள்

என் ஆசை அக்கா,

நீங்கள் இல்லாத இரண்டாவது பனிக்காலமும் முடியப்போகிறது. அத்தானுக்கு இன்னமும் துறைமுகப் பக்கத்துக் கிடங்கில்தான் வேலை. உங்கள் மகன் அவரைவிட உயர்ந்துவிட்டான். பிரெஞ்சில் கேட்டால்தான் பதில் சொல்கிறான். எல்லாரும் சுகம். நான்தான் சுகமில்லை, அக்கா. எனக்கு நோய் வருத்தம் ஒன்றுமில்லை. நீங்கள் விட்டுப்போன கதிரையில் மாட்டிக்கொண்டு இருக்கிறேன்.

ஒரே தேவாலயக் கட்டிடத்தில் காலையில் நாங்களும் மத்தியானம் ஹெயிட்டிச் சபையாரும் கும்பிட்டு வந்தோம். படிக்கட்டில் முகம் பார்க்காமல் விலகிப் போனவர்களை மாதம் ஒருமுறை சேர்ந்து பாடவும் சாப்பிடவும் வைத்தது நீங்கள். நடுவில் நின்று தமிழைப் பிரெஞ்சாக்கினீர்கள், பிரெஞ்சைத் தமிழாக்கினீர்கள். இரண்டு மொழியிலும் எழுதிச் சபைத்தாளும் கொண்டுவந்தீர்கள். புற்றுநோய் உங்களைக் கொண்டுபோன அடுத்த மாதமே மூப்பர் தேவராஜா அங்கிள் வந்து, "இனி நீர்தான் பிள்ளை. வேற ஆர் இருக்கினம்?" என்றார். செத்தவீட்டுக் களை தீராமல் இருந்தேன். ஓம் என்றுவிட்டேன்.

போன இலையுதிர்காலத்தில் கீழ் மண்டபத்தில் இரண்டு சபைக்கும் ஒரு கூட்டம் வைத்தார்கள். கூட்டு ஆராதனையைத் தொடர்வதா என்பதுதான் பேச்சு. மூப்பரின் மகள் ஹெயிட்டிப் பெடியன்களோடு பாடகர் குழுவில் பாடத் தொடங்கியிருந்தாள். அதுதான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு பக்கம் எங்கள் ஆட்கள், மறுபக்கம் அவர்கள், நடுவில் நான்.

மூப்பர் எழும்பினார். "எங்கட பொம்பிளைப் பிள்ளையள் அந்தக் காப்பிலிப் பெடியளோட நிண்டு பாடுறது சரிவராது. அவை அவையின்ரபாட்டில இருக்கட்டும்" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "அதைக் கொஞ்சம் பக்குவமாச் சொல்லும்" என்றார்.

கறுப்பரை இழிவாகச் சொல்ல எங்கள் ஆட்கள் வைத்திருக்கிற அந்தச் சொல்லை எப்படிப் பக்குவமாக்குவது, அக்கா? எதிரே மதாம் ரோஸ்லின் இருந்தார். உங்களுக்குத் தெரியாத ஆளா? அவர்களுடைய சமையலறையை நடத்துகிறவர், ஆஸ்பத்திரியில் உங்கள் காலைப் பிடித்துவிட்டவர். அவர் மெதுவாகப் பிரெஞ்சில் சொன்னார்: "அந்த ஒரு சொல் எனக்குத் தெரியும், செல்வி. அதை இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மிச்சத்தைச் சொல்."

சொன்னேன். ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவர் எழும்பினார். "சாப்பாடு முடிந்ததும் பாத்திரங்களை நாங்கள் கழுவி அடுக்குகிறோம். நாங்கள் மேலே போன பிறகு உங்கள் பெண்கள் அதையெல்லாம் எடுத்துத் திரும்பக் கழுவுகிறார்கள். எங்கள் கை பட்டது என்பதற்காக. கண்ணால் கண்டிருக்கிறேன். உன் அக்காவிடம் ஒருநாள் சொன்னேன், இதை உங்கள் ஆட்களுக்குச் சொல் என்று. அவள் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து தானே சமையலறையில் நின்று கழுவினாள், வேறு யாரையும் விடாமல். அவள் போன பிறகு பழையபடி அதேதான்."

இதையும் நான்தான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. உங்களைப் பற்றி, உங்கள் ஆட்களுக்கு, என் வாயால். நாரிநோவோடு, அந்த இடுப்புவலியோடு, ஏன் பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்றீர்கள் என்று எத்தனை தரம் உங்களை ஏசியிருப்பேன்! ஏன் அக்கா சொல்லவில்லை? சொன்னால் எல்லாம் உடைந்துவிடும் என்று பயந்தீர்களா? இன்னும் எத்தனை சொல்லை இப்படி விழுங்கினீர்கள்?

உடைந்துதான் போனது. கூட்டு ஆராதனை நின்றது. "அக்கா இருந்திருந்தா இப்பிடி நடக்க விட்டிருப்பாவே?" என்று எங்கள் ஆட்கள் என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். ஹெயிட்டிக்காரரில் சிலரும் அந்தச் சொல் என்னுடையதுபோல் என்னைப் பார்த்தார்கள். என் வாயிலிருந்துதானே வந்தது.

விட்டுவிட்டுப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தை மாதம் ஹீட்டிங் பழுதானபோது இரண்டு பக்கத்தாரும் எனக்குத்தான் போன் அடித்தார்கள். ஒருவரோடு ஒருவர் கதைக்க மாட்டார்களாம், ஆனால் நான் கதைக்க வேண்டுமாம். "விட்டிட்டு வீட்டில இருமன். அதென்ன உம்மட தலையெழுத்தே?" என்கிறார் என் மனுசன். இருக்கலாம்தான். பிறகு அந்தக் கட்டிடத்தில் யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்ல முடியாது. அதை நினைத்தால் வீட்டிலும் இருக்க முடியவில்லை.

சபைத்தாளும் அப்படியே கிடந்தது. "'கூட்டம் சுமுகமாக நடந்தது' எண்டு போட்டு விடும்" என்றார் மூப்பர். "நடந்ததை எழுது" என்றார் ரோஸ்லின். எதை எழுதினாலும் ஒரு பக்கத்தார் முகத்தில் இனி விழிக்க முடியாது. கொம்பியூட்டரைத் திறப்பதும் மூடுவதுமாகப் பனிக்காலம் முழுவதும் போனது.

போன ஞாயிறு நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். எங்கள் ஆராதனை முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். மூப்பரின் மனைவி ராணி அன்ரி மட்டும் கோட்டைப் போட்டபடி படிக்கட்டடியில் நின்றா.

"செல்வி, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு பிரெஞ்சில என்னெண்டு சொல்லுறது?"

"ஆருக்கு அன்ரி? நான் சொல்லிவிடுறன்."

"நீர் வேண்டாம்" என்றா. "கழுவினது நான்."

"பார்டோன்" என்று சொல்லிக்கொடுத்தேன். 'அது நான்தான்' என்பதற்கு "செ முவா". வாய்க்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தா. ஹெயிட்டிக்காரர் வரத் தொடங்கினார்கள். ரோஸ்லின் வந்து முன்வரிசையில் இருந்ததும் அன்ரி நேரே அவரிடம் போனா. நான் பின்னால் போகவில்லை. கால் போகப் பார்த்தது, பிடித்து நிறுத்தினேன்.

"பார்டோன், மதாம். செ முவா." இரண்டு கையாலும் பாத்திரம் தேய்ப்பதுபோல் காட்டினா.

ரோஸ்லின் கட்டிப்பிடிக்கவில்லை, அக்கா. சிரிக்கவும் இல்லை. கனநேரம் அன்ரியின் முகத்தையே பார்த்தார். பிறகு பக்கத்துக் கதிரையில் வைத்திருந்த தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்தார். அன்ரி அந்தக் கதிரையில் இருந்தா. வெளியே மூப்பர் காரில் ஹோர்ன் அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். அன்ரி எழும்பவில்லை. ஒரு சொல்லும் விளங்காமல் ஆராதனை முடியும்வரை இருந்தா.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மூப்பர் என்னோடு கதைப்பதில்லை. ராணி அன்ரிக்கு வீட்டில் என்ன நடந்ததோ, அவ சொல்லவில்லை. அந்த நடுக்கதிரையும் எனக்குத்தான்.

ஆனால் சபைத்தாளை இன்று எழுதி முடித்துவிட்டேன். கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்பதை, அந்தச் சொல் உட்பட, இரண்டு மொழியிலும் போட்டிருக்கிறேன். நீங்கள் சொல்லாமல் விட்டதையும் எழுதியிருக்கிறேன். கோபிக்காதீர்கள். அந்தக் கதிரையில் இருக்கும்வரை ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு மறைக்க மாட்டேன், அக்கா. உங்கள் நாரிமேல் சத்தியம். தாங்களே சொல்ல வருகிறவர்களுக்கு வழி விட்டு விலகியும் நிற்பேன்.

உங்களை ஏசியபடியே தேடுகிற,
உங்கள் தங்கச்சி செல்வி