பேருந்து ஜன்னல் உயரத்துக்கு ஒரு வேலி

மார்ச் 6
காலைப் பிரார்த்தனை முடித்து எழுதுகிறேன். இன்றும் என் வீட்டுக்காரர் தோட்டத்தில் இறங்கவில்லை. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சோர்ந்தபின் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்தபடி நடக்கிறார். பயிற்சி கொடுக்க வரும் பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: “அம்மா, இது நடையே இல்ல. வெளிய மண்ணுல நடக்கணும். இந்த வருஷம் விட்டா கால் அப்படியே இறுகிடும்.”

வேலிக்கு அந்தப் பக்கம் பேருந்து நிறுத்தம். ஓய்வு பெறும்வரை அந்த வழியில் வண்டி ஓட்டியவர் அவர். “நான் வேலை சொல்லிக் குடுத்த பசங்க வண்டில உயர உக்காந்துகிட்டு, நான் காலை இழுக்கிறதைப் பார்ப்பானுங்க. முடியாது” என்கிறார்.

இருப்பது வெறும் கம்பிவேலி. மறைப்பு வேண்டும்.

மார்ச் 9
எவ்வளவு உயரம்? தெரிந்துகொள்ளப் பேருந்தில் ஏறினேன். “எங்கம்மா இறங்கணும்?” என்றார் நடத்துனர். “எங்க வேணா இறக்கி விடுங்க. எங்க வீட்டைப் பார்க்கத்தான் ஏறினேன்.” அவர் அப்புறம் என் பக்கமே வரவில்லை.

ஐயோ, எல்லாம் தெரிகிறது! அடுப்படிக் கதவு, துணிக்கொடி, அதில் என் பழைய பாவாடை. இத்தனை வருடமும் ஊரே பார்த்துக்கொண்டு போயிருக்கிறதா? கண்ணுக்கு நேராக எங்கள் கேட் தூணின் விளக்கு நின்றது. வீட்டுக்கு வந்து நாடா வைத்து அளந்தேன். ஏழடி.

மார்ச் 13
வேலியோரம் தோண்டினால் ஒரு முழத்துக்குக் கீழே கட்டட இடிபாடு. கூடவே தண்ணீர்க் குழாய். மேலே வெயில், புகை, தூசி. இதில் எது நிற்கும்? நூலகப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மூங்கில் வைத்தால் வேர் குழாயைக் கவ்வும். நெட்டிலிங்கம் ஆழம் கேட்கும். செம்பருத்திக்கு மாவுப்பூச்சி. அரளி புகைக்கும் தூசிக்கும் அசையாது, சாமிக்குப் பூவும் ஆகும். ஆனால் விஷம். பேத்தியோ கையில் கிடைத்ததை வாயில் போடுகிறவள்.

மருதாணி என்று முடிவு செய்தேன். அது வளரும்வரை கம்பியில் சங்குப்பூக் கொடி.

“எனக்குக் கோட்டை கட்டுறியா?” என்றார். “ஆமா, ராஜாவுக்கு” என்றேன். சிரிக்கவில்லை.

மார்ச் 15
பதினெட்டுக் கன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேண்டுதல். கடவுளுக்கே காது வலித்திருக்கும். அவசரத்துக்கு வேலியில் உயரக் கழிகள் கட்டிப் பச்சை வலையும் போட்டேன்.

மார்ச் 19
இறங்கினார்! கோலூன்றி, தண்ணீர்த்தொட்டி வரைக்கும். நான் பார்க்காத மாதிரி துணி மடித்தேன்.

ஏப்ரல் 22
காற்றில் வலை கிழிந்துவிட்டது. அவர் பாதி நடையில் இருந்தார், நிறுத்தத்தில் பேருந்து. விழுந்தடித்துத் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்தார். அவரா? அவரா ஒளிவது?

இரவு சாப்பிடவில்லை.

ஏப்ரல் 24
கன்று விற்ற பெண்ணைக் கூட்டிவந்து காட்டினேன். “என்னக்கா, குச்சி குச்சியா நிக்குது? வலை வெயிலை மறைச்சிருக்கு. பாதிக்கு வெட்டிடுங்க.”

“எனக்கு உயரம் வேணும்மா!”

“இப்படியே விட்டா உயரம் மட்டும்தான் வரும், மறைப்பு வராது. வெட்டினாத்தான் அடியிலிருந்து கிளை விடும்.”

ஏப்ரல் 25
வெட்டினேன். எல்லாம் முழங்கால் உயரம். கடவுளே, கேட்ட உயரத்தைக் கொடுத்தாய், நானே வெட்டிப் போட்டேன் — சரியா, தப்பா? இன்று பிரார்த்தனை இல்லை, சண்டைதான்.

ஏப்ரல் 30
இறங்கவில்லை.

ஜூன் 30
சங்குப்பூ கம்பியை மூடிக் கழி உச்சிவரை ஏறிவிட்டது. முதல் பூக்கள் சாமிக்கு. சாயங்காலம் அவர் தானாகவே கோலைத் தேடி எடுத்தார்.

ஆகஸ்ட் 11
நடந்துகொண்டிருந்தவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். “இந்த வண்டிக்குக் கிளட்ச் தேஞ்சிருச்சு.” பேருந்து நின்றதும் ஒரு சத்தம் போட்டார்: “டேய்! கிளட்ச்சைப் பாருடா, நடுவழியில விட்டுரும்!”

பேருந்திலிருந்து ஓட்டும் பையன் எட்டிப் பார்த்தான்.

“அண்ணே! எங்கண்ணே இருக்கீங்க? செடியா பேசுது?”

“செடிதான்டா பேசுது. வண்டியை எடு!”

அவர் முகம் எப்படி இருந்தது என்று எழுத மாட்டேன். கண்பட்டுவிடும்.

செப்டம்பர் 2
இப்போது ஒவ்வொரு வண்டியும் “செடி அண்ணே!” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போகிறது. கொடிக்குப் பின்னாலிருந்து இவர் திட்டுகிறார். அவர்களுக்கு அதில் பரம சந்தோஷம்.

ஜனவரி 29
மருதாணி விளக்கு உயரத்தைத் தொட்டுவிட்டது, கழிகளைக் கொடியோடு எடுத்துவிட்டேன். அடியிலிருந்தே அடர்த்தி. பதினெட்டில் ஒன்றுதான் போனது. மறுபடி பேருந்தில் ஏறிப் பார்த்தேன். வீடே தெரியவில்லை. கேட்டது கேட்டபடி. இறங்கி நின்று கும்பிட்டேன்.

பிப்ரவரி 3
செடி வெட்டும் பெரிய கத்தரி கேட்டார்.

“எதுக்கு?”

“எவன் ஓட்டுறான்னே தெரியல. நாலடி போதும்.”

“ஏழடிக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!”

“தெரியும்டி. குடு.”

கொடுத்தேன். அந்தக் கத்தரிக்கு இரண்டு கையும் வேண்டும். இடது கை நழுவியது. எடுத்துப் பிடித்தார். நழுவியது. நான் கிட்டப் போகவில்லை. மத்தியானத்துக்குள் மூன்று செடி வெட்டியிருந்தார், கோணல்மாணலாக. பேருந்து வந்து நின்றபோது வெட்டிய இடத்தில் நிமிர்ந்து நின்று, கத்தரியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அந்த ஹாரன் நிற்கவே இல்லை.

மீதி நாளைக்காம்.

துணிக்கொடியைப் பின்பக்கம் மாற்ற வேண்டும்.