ரொட்டிக்காரியின் மெட்டில் ஒரு பூசை

மொந்தேகாரோ
1566 பிப்ரவரி 12

அன்புள்ள தம்பி லிவியோ,

நீ சுகமாக இருப்பாய். நான் இல்லை. உன் பாட்டால் என் பிழைப்பே போகப்பார்க்கிறது.

போன ஞாயிறு, உன் மெட்டை வைத்து நான் அமைத்த புதுப் பூசைப் பாடலைக் கோயிலில் பாடினோம். ஆயர் அனுப்பிய விசாரணைக் குரு முன்வரிசையில் இருந்தார். 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்று பாடகர்கள் எடுத்ததுதான் தாமதம், பின்னாலிருந்து ஒரு கழுதைக்காரன் உரக்கச் சேர்ந்துகொண்டான்: "ரொட்டிக்காரி, கதவைத் தொற! மாவு பொங்கிப்போச்சு!" கோயிலே சிரித்தது.

தெருமெட்டு கோயிலுக்குள் வரக்கூடாது என்று புது உத்தரவு இருக்கிறதே. குரு பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா ஒத்தாவியோ, இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"பழைய ஞானப்பாட்டு சாமி. என் தம்பிதான் எடுத்துக் கெடுத்துட்டான்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அதை அவனே எழுதித் தரட்டும்" என்கிறார். உடனே எழுதி அனுப்பு. பாடகர் குழுவை நடத்துவதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

உன் அண்ணன்
ஒத்தாவியோ


வெனிஸ்
பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நன்றாயிருக்கிறது நியாயம்! எடுத்தது நீங்கள், திருடன் நானா? எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

பதினேழு பாட்டுப் போட்டிருக்கிறேன். ஊர் பாடுவது இந்த ஒன்றைத்தான். அந்த ரொட்டிக்காரி பியேரா என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திய அன்று போட்டது. அடுத்த மாதம் அச்சாகிற என் முதல் புத்தகத்தில் முதல் பாட்டும் இதுவே.

ஆனாலும் நீங்கள் வேலையில்லாமல் தெருவில் நிற்பதைப் பார்க்க எனக்கு மனசில்லை. கேட்டபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இனிமேலாவது மெட்டைச் சொந்தமாகப் போடுங்கள்.

தங்கள் தம்பி
லிவியோ


மொந்தேகாரோ
மார்ச் 9

என் அருமைத் தம்பி,

வேலை தப்பியது. நீ மகராசனாக இருக்க வேண்டும். ஈஸ்டருக்கும் இதே பூசையைப் பாடச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு சின்னச் சங்கடம். உன் கடிதத்தை நகலெடுத்து உன் அச்சுக்காரருக்கே குரு அனுப்பிவிட்டாராம், ஞானப்பாட்டைக் கெடுத்த அந்தப் பாட்டை அச்சிட வேண்டாமென்று. நான் எப்படித் தடுப்பேன்? தடுத்தால் என் குட்டு உடைந்துவிடுமே. பதினாறு பாட்டு மிச்சம் இருக்கிறதல்லவா, கோபித்துக்கொள்ளாதே. நல்ல பாலாடைக்கட்டி ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

ஒத்தாவியோ


வெனிஸ்
மார்ச் 21

அண்ணா,

பாலாடைக்கட்டியைப் படகோட்டிக்குக் கொடுத்துவிட்டேன்.

அச்சுக்காரர் சொன்னது இது: "திருட்டு மெட்டுக்கெல்லாம் என் மை கெடையாதுப்பா. ஒன்னு திருடினவன் பதினாறு திருட மாட்டானா? மொத்தத்தையும் எடுத்துட்டுப் போ." மதுக்கடைக்குப் போனால், "வர்றாருய்யா, சாமி பாட்டைச் சுட்டவரு!" என்று கைதட்டுகிறார்கள்.

கோபம்கூட வரவில்லை, அலுத்துவிட்டது. சின்ன வயதில் நீங்கள் உடைத்த பானைகளுக்கெல்லாம் அப்பாவிடம் நான் அடிவாங்கினேன். போதும். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

லிவியோ


மொந்தேகாரோ
ஏப்ரல் 16

தம்பி,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு.

ஈஸ்டர் காலையில் பாடகர்கள் முன்னால் பெரிய பாட்டேட்டைத் திறந்துவைத்து, சபையைப் பார்த்துச் சொன்னேன்: "இந்த மெட்டு என் தம்பி லிவியோ போட்டது. தெருப்பாட்டுதான். நான்தான் அவன்கிட்ட கேக்காம எடுத்தேன்."

குரு எழுந்தார். "அப்போ அந்தக் கடிதாசி?"

"பொய் சாமி. நான் கேட்டு வாங்கினது."

பூசையை நிறுத்திவிட்டார்கள். பழைய ஒற்றைக்குரல் பாட்டைப் பாடி ஒப்பேற்றினோம். மறுநாள் பாட்டேட்டு அறையின் சாவியை வாங்கிக்கொண்டார்கள், வேலை போயிற்று. பக்கத்து ஊரில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். உள்ளதை உள்ளபடி உன் அச்சுக்காரருக்கும் எழுதிவிட்டேன். என்ன செய்வாரோ தெரியாது.

சபை நடுவே உன் பெயரைச் சொல்லும்போது குரல் நடுங்கியது. பயத்தால் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இத்தனை வருஷத்தில் உன் பெயரை நான் பெருமையாக ஒருவரிடமும் சொன்னதில்லை, லிவியோ.

புத்தகம் வெளிவந்தால் சொல்லியனுப்பு. நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஒத்தாவியோ