சர்ஜன் பார்க்கும் வரை

12.5.2004, புதன்

இன்று நான் செய்தது கோழைத்தனம். வேறு பேர் கிடைக்கவில்லை.

பதினொரு மணிக்குத் திரௌபதி வந்தாள். பீங்கான் கம்பெனியில் கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிறவள். வலப்பக்க அடிவயிற்றில் வலி. அழவில்லை, முந்தானையைக் கடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். எங்கள் எமர்ஜென்சி சுவரில் சர்ஜன் தர்மராஜ் சார் கைப்பட எழுதி ஒட்டிய தாள்: 'வயிற்று வலி — நான் பார்க்கும் வரை வலி ஊசி கூடாது.' சார் கடலூரில் ஆபரேஷனில் இருந்தார். வந்தது மூன்று மணிக்கு. நான்கு மணி நேரம் டியூட்டி டாக்டர் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"நீங்களும் பொம்பளதானங்க, எதுனா போடுங்கம்மா" என்றாள்.

திரௌபதிக்கு அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் முடிந்ததும், ஏன் ஊசி கூடாது என்று சாரிடம் கேட்டேன். "வலிய மறைச்சிட்டா அப்பெண்டிக்ஸ்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றார்.

15.5.2004, சனி

சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் இருக்கும் என் காலேஜ் சீனியருக்குப் போன் செய்தேன். அங்கே வயிற்றைச் சோதித்து, எழுதி வைத்துவிட்டு உடனே ஊசி போட்டுவிடுகிறார்களாம். நோயைக் கண்டுபிடிப்பதில் குறையே வரவில்லையாம். அப்போ திரௌபதி எதுக்குத் துடிச்சா? யாருக்காக?

20.5.2004, வியாழன்

போட்டுவிட்டேன்.

பெண்ணாடம் கரும்பு விவசாயி கோவிந்தசாமி. அதே வலி, அதே பக்கம். முதலில் அமுக்கிப் பார்த்து, வலித்த இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் பெருக்கல் குறி போட்டேன். எப்போதும் எல்லோருக்கும் போடும் வலி ஊசி டைக்ளோஃபெனாக் வேண்டாம் — அல்சர் உள்ளவர், குடலில் ரத்தம் கசியலாம். அல்சரைக் கிளறாத டிராமடால் எடுத்தேன். தாஜ் நிஷா சிஸ்டர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிக் கொடுத்தார். நரம்பில் மெதுவாகச் செலுத்தினேன். கால் மணி நேரத்தில் மனிதர் காலை நீட்டிப் படுத்தார்.

தர்மராஜ் சார் வந்து குதித்தார். "யாரக் கேட்டுப் போட்ட?"

"வலிக்கிறவரக் கேட்டு, சார்."

கோபத்தோடே அமுக்கினார். பேனாக் குறி மேலேயே கை நின்றது. அங்கே இன்னும் வலித்தது. அப்பெண்டிக்ஸ்தான். "இன்னொரு தரம் போட்டேன்னா வேற ஆஸ்பத்திரி பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

21.5.2004, வெள்ளி

அம்மா போனில்: "எதுக்குடி வம்பு? வாயக் கட்டிக்கிட்டு இரு." வாயைக் கட்டலாம். கையைக் கட்ட மாட்டேன். அனுப்புவதானால் அனுப்பட்டும்.

2.6.2004, புதன்

நேற்றோடு மூன்று பேருக்குப் போட்டாயிற்று. மூன்று முறையும் திட்டு. ஆனாலும் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

9.6.2004, புதன்

ரவுண்ட்ஸ் நடுவே தர்மராஜ் சார் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். திரௌபதி கிடந்த அதே கட்டிலில்தான் படுக்க வைத்தோம். வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. சிறுநீரகக் கல். அவரால் பேச முடியவில்லை, சுவரைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்.

'சர்ஜன் பார்க்கணுமே சார்' என்று நாக்கு நுனி வரை வந்தது. பொய் சொல்வானேன், ஆசையாக இருந்தது. சொல்லவில்லை. இவரையும் காக்க வைத்தால் எனக்கும் அந்தத் தாளுக்கும் என்ன வித்தியாசம்?

"அல்சர் உண்டா, சார்?"

உண்டு என்று தலையாட்டினார். கல் வலிக்கு டைக்ளோஃபெனாக் நன்றாகக் கேட்கும், ஆனால் இவருக்கு ஆகாது. கோவிந்தசாமிக்குப் போட்ட அதே ஊசி. நான்கே நிமிடத்தில் போட்டேன்.

வலி அடங்கியதும் கேட்டார்: "அந்தப் பீங்கான் கம்பெனி அம்மா எவ்வளவு நேரம் வலியோட கிடந்துச்சு, சிவசங்கரி?"

"நாலு மணி நேரம், சார்."

10.6.2004, வியாழன்

காலையில் வந்தபோது சுவரில் தாள் இருந்த இடத்தில் பசை காய்ந்த தடம் மட்டும்தான் இருந்தது.